கோட்டுப் போடாதவர்களுக்குப் பஃபே: சக்கர நாற்காலியோடு கப்பலில் இரவுச் சாப்பாடு

அம்மாவுக்குச் சக்கர நாற்காலி, பெரியப்பாவுக்கு வாக்கர். இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு அடுத்த கோடையில் இன்னொரு கப்பல் பயணம் போகலாம் என்று பேச்செடுத்தேன். முதல் சண்டை கேபினைப் பற்றியோ செலவைப் பற்றியோ வரவில்லை, கோட்டு, டையைப் பற்றி வந்தது. "சாப்பிடறதுக்கு எதுக்குப்பா கழுத்துல சுருக்கு?" என்றார் பெரியப்பா. அம்மா வாயே திறக்கவில்லை. ஆனால் அவள் பட்டுப்புடவை இல்லாமல் கப்பலேறப் போவதில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில். சவுதாம்ப்டன் துறைமுகம் காரில் போகிற தூரம். விமானத்தில் சக்கர நாற்காலியை ஒப்படைத்துவிட்டு, அது முழுசாகத் திரும்பி வருமா என்று பயந்துகொண்டே உட்கார்ந்திருப்பதைவிடக் கப்பல் எவ்வளவோ நிம்மதி. ஆனால் எந்தக் கப்பல், அதில் இரவுச் சாப்பாடு எங்கே, என்ன உடுத்திக்கொண்டு என்ற மூன்று கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. ஒன்றை மட்டும் முடிவு செய்தால் மற்ற இரண்டும் இடிக்கும். இரண்டு பயணங்களில் பட்டுத் தெரிந்துகொண்டது அது. உங்கள் வீட்டிலும் இதே கணக்கு ஓடிக்கொண்டிருந்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

கப்பலில் டிரஸ் கோட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வரி. பகலில் யாரும் கண்டுகொள்வதில்லை. மாலை ஆறு மணி வாக்கில்தான் விதி அமலுக்கு வரும். பெரும்பாலான இரவுகளில் 'ஸ்மார்ட் கேஷுவல்', அதாவது நல்ல பேன்ட், காலர் வைத்த சட்டை. வாரத்துக்கு ஒன்றிரண்டு இரவுகள் மட்டும் ஃபார்மல். குனார்ட் கப்பல் கம்பெனியில் அதற்குக் 'கலா' இரவு என்று பெயர். கார்னிவலில் 'குரூஸ் எலிகன்ட்'. செலிப்ரிட்டி கம்பெனி பழைய ஃபார்மல் இரவைக் கைவிட்டு 2015 கடைசியில் 'ஈவினிங் சிக்' என்று மாற்றிக்கொண்டது. பெயர் மாற மாற விதியும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது. இவற்றில் குனார்ட் மட்டும் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது: ஆண்களுக்கு டின்னர் ஜாக்கெட் அல்லது அடர்நிற சூட், கழுத்தில் டை அல்லது போ டை. பெண்களுக்கு நீளமான கவுன் அல்லது அதற்கு ஈடான உடை.

சரி, இப்படி உடுத்த முடியாதவர்கள், விருப்பமில்லாதவர்கள் என்ன செய்வது? ஃபார்மல் இரவு வைக்கிற பெரும்பாலான கம்பெனிகள் ஒரே பதிலைத்தான் சொல்கின்றன: மேலே பஃபே இருக்கிறது, அங்கே சாப்பிடுங்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. இரண்டு காலும் இரண்டு கையும் ஒழுங்காக வேலை செய்கிறவர்களுக்கு நியாயமும்தான். நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு மட்டும் அது தலைகீழ். உடுத்திக்கொள்ள யாருக்கு அதிகச் சிரமமோ அவர்களைத்தான் டிரஸ் கோட் பஃபேக்கு அனுப்புகிறது. கப்பலில் அவர்கள் சாப்பிட மிகவும் சிரமமான இடமும் அதே பஃபேதான்.

முதல் பயணத்தில் நடந்தது இது. கப்பலின் பெயர் வேண்டாம். இரண்டாம் நாள் ஃபார்மல் இரவு. பெரியப்பா கோட்டு வேண்டாம் என்றார், நானும் சரி என்று பஃபேக்குக் கூட்டிப்போனேன். வாக்கர் பிடித்து நடப்பவருக்கு இரண்டு கையும் வாக்கரிலேயே இருக்கும், தட்டை எந்தக் கையில் பிடிப்பார்? தட்டை வாக்கரின் இருக்கைமேல் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். கப்பல் லேசாகச் சாய்ந்தது. பெரிய அலைகூட இல்லை. தட்டு வழுக்கிக் கீழே போய், மசித்த உருளைக்கிழங்கு வாக்கரின் முன்சக்கரத்தில் அப்பிக்கொண்டது. ஊழியர் ஒருவர் ஓடிவந்து துடைத்துவிட்டு, வேறு தட்டில் போட்டுக் கொண்டுவந்தும் கொடுத்தார். ஆனால் பெரியப்பா அன்று அதற்குமேல் சாப்பிடவில்லை. மறுநாள் காலையிலும் "பசிக்கலை" என்றே சொன்னார்.

அம்மாவின் சிக்கல் வேறு. பக்கவாதத்துக்குப் பிறகு இடது கை பலமில்லை, வலது கை நன்றாக இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்த்தால் பஃபே மேடையின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருக்கிற பாத்திரங்களின் விளிம்புதான் கண்ணுக்குத் தெரியும். உள்ளே இருப்பது பருப்பா பாஸ்தாவா என்று தெரியாது. "அது என்னடா? அதுக்குப் பக்கத்துல?" என்று கேட்டுக்கொண்டே வருவாள். பின்னால் வரிசை நீளும். நாலாவது பாத்திரத்தில் "போதும், ஏதாவது வை" என்று விட்டுவிடுவாள். வளர்ந்த மனுஷிக்குத் தன் தட்டில் என்ன விழுகிறது என்று தெரியாமல் சாப்பிடுவது எப்படியிருக்கும்?

இன்னும் ஒன்று. பஃபே பெரும்பாலும் கப்பலின் மேல்தளத்தில் இருக்கும், பெரிய டைனிங் ஹால் கீழ்த்தளங்களில். உயரே போகப்போக ஆட்டம் கூடும், கீழே குறையும். குனார்டின் குவீன் மேரி 2 கப்பலில் பிரிட்டானியா டைனிங் ஹால் இரண்டாம், மூன்றாம் தளங்களில், பஃபேயான கிங்ஸ் கோர்ட் ஏழாம் தளத்தில். காலில் பிடிமானம் இல்லாதவர்களுக்கு இந்த வித்தியாசம் சின்ன விஷயமில்லை.

இனி டைனிங் ஹாலின் கதை. அங்கே எல்லாம் சுகம் என்று சொல்ல வரவில்லை. மெத்தென்ற கம்பளத்தில் சக்கர நாற்காலி தள்ளுவது மணலில் தள்ளுவது போல. நடுவில் ஒற்றைக் காலில் நிற்கிற மேசை என்றால் நாற்காலியின் கால்தாங்கி அதில் முட்டி நின்றுவிடும், அம்மாவுக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி விழும். கைப்பிடி உயரமாக இருந்தால் மேசைக்கடியில் போகவே போகாது. முன்பக்கம் தாழ்த்தி வெட்டிய கைப்பிடி உள்ள நாற்காலி கடைகளில் கிடைக்கிறது. வீட்டில் வாங்கும்போது யாரும் இதைச் சொல்வதில்லை, மேசை முன் உட்காரும்போதுதான் தெரியும். மடித்து ஒதுக்கக்கூடிய கால்தாங்கி இருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

ஆனால் டைனிங் ஹாலில் கிடைப்பது ஒன்று உண்டு, அது பஃபேயில் கிடைக்கவே கிடைக்காது: ஒரே மேசை, ஒரே பரிமாறுகிறவர். நிலையான நேரம், நிலையான மேசை என்று பதிவு செய்தால் பயணம் முடியும்வரை அதே ஆள்தான். எங்கள் இரண்டாவது பயணத்தில் முதல் இரவு நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன்: இந்த நாற்காலியை எடுத்துவிடுங்கள், தண்ணீர் டம்ளரை வலப்பக்கம் வையுங்கள், ரொட்டியை வெட்டிக் கொடுங்கள். இரண்டாம் இரவு பாதி சொன்னேன். மூன்றாம் இரவு நாங்கள் வாசலில் தெரிந்ததுமே அந்தக் கோவாக்காரப் பையன் மேசை நாற்காலியை ஓரமாக நகர்த்திவைத்துவிட்டு, டம்ளரை வலப்பக்கம் மாற்றிக்கொண்டிருந்தான். அம்மாவை "ஆன்ட்டி" என்றுதான் கூப்பிட்டான். நாளைக்கு என்ன வேண்டும் என்று முதல்நாளே கேட்டு, சைவத்தில் ஏதாவது கிச்சனில் சொல்லி வாங்கிவருவான். பெரியப்பா அவனிடம் தன் வேலைக்காலக் கதையெல்லாம் சொன்னார். வாக்கரை எங்கே நிறுத்தினால் கைக்கெட்டும் என்பதும் அவனுக்கு அத்துப்படி.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. நாற்காலியிலிருந்து மேசை நாற்காலிக்கு மாறி உட்கார முடிகிறவர்கள் மாறிக்கொள்வது நல்லதுதான், முதுகுக்கும் இதம். ஆனால் காலியான சக்கர நாற்காலியைப் பரிமாறுகிறவர்கள் வழிமறிக்கிறது என்று எங்கோ ஒரு மூலைக்குத் தள்ளிப்போய்விடுவார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. எங்கே போகிறது என்று மட்டும் பார்த்துவையுங்கள், கண்ணுக்கெட்டிய தூரத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். நடுச்சாப்பாட்டில் அம்மாவுக்குக் கழிவறைக்குப் போகவேண்டியிருந்தபோது நாங்கள் நாற்காலியைத் தேடிய மூன்று நிமிஷம் முப்பது நிமிஷமாக இருந்தது.

ஆக, என் கணக்குப்படி கேள்வி "ஃபார்மலா, கேஷுவலா" என்பதல்ல. உட்கார்ந்த இடத்துக்குச் சாப்பாடு வருமா, நாம் சாப்பாட்டைத் தேடிப் போகவேண்டுமா என்பதுதான். இந்தக் கண்ணால் கம்பெனிகளைப் பார்த்தால் வரிசை மாறிவிடுகிறது.

நார்வீஜியன் 2000-இல் 'ஃப்ரீஸ்டைல்' என்று ஒரு முறையைக் கொண்டுவந்தது: நிலையான நேரம் கிடையாது, நிலையான மேசை கிடையாது, ஃபார்மல் உடை கட்டாயமில்லை. டிரஸ் கோட்டை மட்டும் பார்த்தால் பெரியப்பாவுக்குச் சொர்க்கம். பஃபேக்குத்தான் போகவேண்டும் என்ற நிர்ப்பந்தமும் இல்லை, காலர் சட்டையோடு டைனிங் ஹாலிலேயே உட்காரலாம். ஆனால் ஒவ்வொரு இரவும் எங்கே சாப்பிடுவது என்று புதிதாக முடிவு செய்து, போய், இடத்துக்குக் காத்து நிற்கவேண்டியிருக்கலாம். நிற்பது என்பது வாக்கர்காரர்களுக்கு நடப்பதைவிடக் கஷ்டம், நடக்கும்போதாவது எடை கால் மாறி மாறி விழும். ஒவ்வொரு இரவும் புதுப் பரிமாறுகிறவர், ஒவ்வொரு இரவும் முதலிலிருந்து அதே பல்லவி. முன்பதிவு செய்துகொண்டால் காத்திருப்பது குறையும், பல்லவி குறையாது.

வர்ஜின் வாயேஜஸ் இன்னொரு கோடி. டிரஸ் கோட்டே கிடையாது. ஒரு இரவு எல்லோரும் சிவப்பு உடுத்துவார்கள், அதுவும் விருப்பம்தான். முக்கியமாக, வழக்கமான பஃபே அங்கே கிடையாது. பஃபே இருக்கவேண்டிய இடத்திலும் உட்கார்ந்து சொல்லி வாங்கிச் சாப்பிடுகிற ஏற்பாடு. என் அளவுகோல்படி நூற்றுக்குத் தொண்ணூறு மார்க் போடவேண்டிய கப்பல் அது. பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் மட்டும், பாட்டும் கூத்தும் அதிகம். எழுபத்தாறு வயது அம்மாவைக் கூட்டிப்போனால் அவள் இரண்டாம் நாளே காதில் பஞ்சு வைத்துக்கொள்வாள். முப்பது வயதில் சக்கர நாற்காலி பயன்படுத்துகிற நண்பருக்கு நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

வைகிங் கடல் கப்பல்கள் நடுவில் நிற்கின்றன. முதல் கப்பல் 2015-இல் வந்தது, சுமார் 930 பயணிகள். ஃபார்மல் இரவு என்று ஒன்று இல்லவே இல்லை, எல்லா இரவும் ஒரே மாதிரி நேர்த்தியான சாதாரண உடை. கப்பல் சின்னது என்பதால் கேபினிலிருந்து சாப்பாட்டுக்குப் போகிற தூரமும் குறைவு. இதை லேசாக எண்ணாதீர்கள், குவீன் மேரி 2-இன் நீளம் 345 மீட்டர். முன்கோடியில் கேபின் கிடைத்து, பின்பக்கம் டைனிங் ஹால் என்றால் மூன்று வேளையும் நடையிலேயே ஒருநாள் தெம்பு போய்விடும். வைகிங்கின் குறை விலை. எங்கள் நான்கு பேருக்கு அந்தக் கட்டணம் கட்டுபடியாகவில்லை.

சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு வசதி கார்டீலியாதான். 2022 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கிளம்புகிறது. கோட்டு, டை என்ற பேச்சே இல்லை. அதன் 'எம்ப்ரஸ்' 1990-இல் கட்டிய கப்பல், அந்தக் காலத்துக் கப்பல்களில் இன்றைய அளவுக்கு அகலக் கதவு எதிர்பார்க்கக்கூடாது. அதில் உடையைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டு, நாற்காலியின் சக்கரங்களோடு சேர்த்த மொத்த அகலத்தை டேப் வைத்து அளந்துகொண்டு, கேபின் கதவின் அகலத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அது எல்லாக் கப்பலுக்கும் பொருந்தும், பழைய கப்பலுக்குக் கூடுதலாக.

கடைசியில் குனார்ட். ஃபார்மல் இரவில் சூட்டும் டையும் வேண்டும். உடுத்தாதவர்களுக்குப் பஃபே, கோல்டன் லயன் என்ற பப் போன்ற சில இடங்கள் மட்டும். பார்த்த மாத்திரத்தில் எங்களுக்கு ஒத்தே வராத கப்பல். ஆனால் நிலையான மேசை கேட்டு வாங்கலாம், சவுதாம்ப்டனிலேயே ஏறி இறங்கலாம், கேபினுக்கும் சாப்பாடு வரவழைக்கலாம். அப்புறம், ஃபார்மல் இரவுக்கான விதியிலேயே ஒரு கதவு திறந்திருக்கிறது: அவரவர் நாட்டின் விசேஷ உடையும் செல்லும். ஸ்காட்லாந்துக்காரர் கில்ட் கட்டிக்கொண்டு வருகிறார், நாம் ஏன் கூடாது? பெரியப்பாவின் பிரச்சினை கழுத்துச் சுருக்குதான். கழுத்துவரை பட்டன் போட்டு மூடுகிற பந்த்கலா கோட்டில் டையே தேவையில்லை.

உடைகளைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நிற்கிறவர்களுக்காகத் தைத்த உடை உட்கார்ந்திருக்கிறவர்களை என்ன பாடுபடுத்தும் என்று தையல்காரருக்கே தெரிவதில்லை.

முதலில் புடவை. சக்கர நாற்காலியில் உட்காரும்போது முன்கொசுவம் கால்தாங்கிக்கு இருபுறமும் வழியும், நாற்காலி திரும்பும்போது சின்ன முன்சக்கரம் அதை இழுத்துக்கொள்ளும். எங்களுக்கு ஒருமுறை நடந்தது. லிஃப்ட் கதவு மூடிமூடித் திறக்க, நான் மண்டியிட்டு ஜரிகையைச் சக்கரத்திலிருந்து பிரித்தெடுத்துக்கொண்டிருந்தேன். முந்தானை பெரிய சக்கரத்துக்குப் போகும், அது இன்னும் ஆபத்து. கனமான பட்டில் இன்னொரு தொல்லை வழுக்கல். மெத்தைமேல் பட்டு நிற்காது, அம்மா பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை முன்னால் சரிந்துகொண்டே இருப்பாள். இப்போது நாங்கள் கண்டிருக்கும் வழி: லேசான பட்டுப்பருத்தி, கொசுவத்தைத் தைத்து ஹூக் வைத்த ரெடிமேட் புடவையாக மாற்றிக்கொண்டது, தரையிலிருந்து நான்கு விரல் உயரம், முந்தானை குட்டையாக மடித்து முன்பக்கம் பின் குத்தியது. உட்கார்ந்த நிலையில் பார்த்தால் பழைய புடவைக்கும் இதற்கும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். "கட்டின மாதிரி இல்லை, மாட்டின மாதிரி இருக்கு" என்றாள். ஆனாலும் ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிடுகிறது. பழையபடி கட்ட நாற்பது நிமிஷம், அதற்குள் அவளுக்குச் சாப்பிடப் போகிற ஆசையே போய்விடும். சுடிதாரும் செல்லும், பேன்ட் நேராக ஒடுங்கி இருக்கவேண்டும். அகலக் காலாக இருந்தால் அதே சக்கரத் தொல்லை.

ஆண்களுக்கு சூட் கோட்டு உட்கார்ந்தால் தோளில் ஏறி, வயிற்றில் மடங்கும். வாக்கர் பிடிக்கிறவருக்குக் கைகள் எப்போதும் முன்னால் நீண்டிருப்பதால் முதுகுப்பக்கம் இழுக்கும். ஒரு சுற்றுப் பெரிதாக, நீளம் குறைவாகத் தைத்தால் சரியாகும். உள்சட்டைக்கு விரல்கள் ஒத்துழைக்காதவர்களுக்கென்று காந்தப் பட்டன் வைத்த சட்டைகள் வந்திருக்கின்றன. டாமி ஹில்ஃபிகர் 2017 முதல் பெரியவர்களுக்கும் இந்த மாதிரி உடைகள் போடுகிறது. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் காந்தத்தை நெஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. அவர்களுக்கு மேலே அலங்காரப் பட்டன் தைத்து, அடியில் வெல்க்ரோ ஒட்டினால் போதும். பேன்ட்டுக்கு எலாஸ்டிக் இடுப்பு, கோட்டு மூடிக்கொள்ளும்.

வேட்டியா? கேட்டார்கள். பட்டு வேட்டியும் முழுக்கைச் சட்டையும் அங்கவஸ்திரமும் போட்டால் அதைவிட ஃபார்மல் எது? சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு நல்ல யோசனை, அதுவும் 'ஒட்டிக்கோ கட்டிக்கோ' வேட்டி என்றால் அவிழ்கிற பயமும் இல்லை. வாக்கரில் நடப்பவருக்கு வேண்டாம். காலடியில் நுனி மாட்டினால் இரண்டு கையும் வாக்கரில், பிடித்துக்கொள்ளக் கை மிச்சமில்லை.

செருப்பில்தான் மிகவும் சங்கடம். சர்க்கரை நோயால் கால் உணர்ச்சி குறைந்தவர்கள் மெத்தென்ற ரப்பர் அடி வைத்த எம்.சி.ஆர். செருப்பை விட்டு வரமுடியாது, ஆனால் ஆண்கள் திறந்த செருப்போடு வருவதைப் பல டைனிங் ஹால்களில் இரவில் ஏற்பதில்லை. அதே எம்.சி.ஆர். அடி வைத்து, கறுப்பில் மூடிய ஷூவாகச் செய்து தருகிறார்கள். கால் வீங்கும் என்பதால் வெல்க்ரோ பட்டை வைத்ததாக வாங்குங்கள். காலில் தாங்குபட்டை (பிரேஸ்) போட்டிருப்பவர்களுக்கு ஒரு அளவு பெரிதாக. பளபளக்கும் தோல் அடி ஷூ வேண்டவே வேண்டாம், ஆடுகிற தரையில் அது எண்ணெய் தடவினதுபோல. மூடிய ஷூவே போடமுடியாத நிலை என்றால் டாக்டர் கடிதத்தோடு முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

எழுதிக் கேட்பது என்றதும் சட்டம் ஞாபகம் வருகிறது. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் வெளிநாட்டுக் கொடிக் கப்பல்களுக்கும் அந்த நாட்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொருந்தும் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டது சக்கர நாற்காலிப் பயணிகளும் அவர்களோடு போனவர்களும்தான். ஐரோப்பாவில் 1177/2010 என்ற விதி 2012 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி கேபின், இருக்கை சம்பந்தமான தேவையைப் பதிவு செய்யும்போதே சொல்லவேண்டும், ஏற இறங்க உதவி வேண்டுமென்றால் குறைந்தது 48 மணி நேரம் முன்னால். இரண்டிலும் கோட்டு, டை பற்றி ஒரு வரி கிடையாது. ஆனால் பெரும்பாலான கம்பெனிகளில் இந்தத் தேவைகளைப் பார்க்கத் தனிப் பிரிவு உண்டு, அவர்களிடமிருந்து "இந்த ஷூ செல்லும்" என்று ஒரு மெயில் வாங்கி அச்செடுத்து வைத்துக்கொண்டால் வாசலில் நிற்பவரோடு வாதாட வேண்டியதில்லை. வாசலில் நிற்பவர் பெரும்பாலும் விதியைவிட நல்லவர். அப்படி இல்லாத இரவுக்குத்தான் அந்த மெயில்.

கேபினுக்கே சாப்பாடு வரவழைப்பதை நான் ஒரு வழியாக எண்ணவில்லை, ஓய்வுநாளாக எண்ணுகிறேன். களைத்துப்போன ஒரு இரவுக்குச் சரி. சில கப்பல்களில் ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம், மெனுவும் சின்னது. தினமும் கட்டிலோரத்தில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடுவதற்கு வீட்டிலேயே இருந்துவிடலாமே. தனிக் காசு வாங்குகிற சின்ன ரெஸ்டாரன்ட்டுகள் அமைதியாக இருக்கும், ஆனால் மேசைகள் நெருக்கம். போய்ப் பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

நேரத்துக்கும் உடைக்கும் ஒரு முடிச்சு உண்டு. ஃபார்மல் இரவுகளைப் பெரும்பாலும் துறைமுகம் இல்லாத நாள்களில்தான் வைப்பார்கள், உடுத்திக்கொள்ள எல்லோருக்கும் அவகாசம் இருக்கட்டும் என்று. நமக்கு அது லாபம், வெளியே சுற்றிவிட்டு வந்த களைப்பு இருக்காது. அதனால் கடல்நாள் அதிகமுள்ள பயணத்துக்கு நான் முதல் பந்திதான் கேட்பேன்: ஏழு மணிக்கு மேல் அம்மாவுக்கு முதுகு தாங்காது, மாத்திரை நேரமும் ஒத்துவரும். தினமும் ஒரு ஊர் என்கிற மத்தியதரைக் கடல் பயணம் என்றால் ஐந்தரைக்குத் திரும்பி ஆறுக்குத் தயாராக முடியவே முடியாது, அங்கே நேரம் கட்டாயமில்லாத ஏற்பாடே மேல். முதல் பந்தியின் சாபம் லிஃப்ட். ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மொத்தக் கப்பலும் கீழே இறங்கும், ஒவ்வொரு லிஃப்ட்டும் நிறைந்து வந்து, உள்ளே இருப்பவர்கள் மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு நம்மைப் பார்க்க, கதவு மூடும். அரைமணி முன்னதாகவே இறங்கி, ஹால் வாசலுக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு சோபா ஓரத்தில் உட்கார்ந்துவிடுவது எங்கள் வழக்கம். கேப்டன் வரவேற்பு விருந்து என்று அதே இரவில் ஒன்று வைப்பார்கள், அது நின்றுகொண்டே நடப்பது. உட்கார்ந்திருப்பவருக்குச் சுற்றிலும் இடுப்புகள்தான் தெரியும். நாங்கள் அதை விட்டுவிடுகிறோம்.

உடுத்துவதே வலி என்கிற நிலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். தோளைத் தூக்கவே முடியாதவர், தோலில் துணி பட்டால் எரிகிறவர், உதவிக்கு ஆள் இல்லாமல் தனியாகப் போகிறவர் ஃபார்மல் இரவே இல்லாத கப்பலுக்குப் போவதுதான் புத்திசாலித்தனம், பணமிருந்தால் வைகிங், இல்லாவிட்டால் நார்வீஜியன். அங்கேயும் பஃபேயைத் தவிர்த்து, ஒரே டைனிங் ஹாலுக்கு ஒரே நேரத்துக்குத் தினமும் போய், முடிந்தால் அதே பரிமாறுகிறவரின் பகுதியைக் கேளுங்கள். மறுத்தால் மறுத்துவிட்டுப் போகட்டும், கேட்பதில் நஷ்டமில்லை.

எங்கள் வீட்டுக்கு ஏழு இரவு, சவுதாம்ப்டனிலிருந்து சவுதாம்ப்டனுக்கு, குனார்ட் என்று முடிவாகியிருக்கிறது. இரண்டு இரவு உடுத்தவேண்டும், ஏழு இரவும் ஒரே மேசை. பதிவுப் படிவத்தில் கேட்டிருப்பவை: லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் கேபின், முதல் பந்தி, படி ஏறாத தளத்தில் வாசலோர மேசை, ஒரு நாற்காலி குறைவாக.

போன ஞாயிற்றுக்கிழமை பந்த்கலா தைத்து வந்தது. பெரியப்பாவைக் கண்ணாடி முன் நிற்கவைக்கவில்லை, சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து ஒருமணி நேரம் சாப்பிடவைத்தோம். தோள் பிடிக்கவில்லை, வயிறு இடிக்கவில்லை, வாக்கரைப் பிடித்து எழுந்தபோது முதுகும் இழுக்கவில்லை. ரசம் சாதம் வரைக்கும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். மோருக்கு வந்தபோது மேல் பட்டனைக் கழற்றிவிட்டு, "இதுவும் சுருக்குதான்" என்றார்.

அந்த ஒரு பட்டனைப் பற்றிப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.